அரங்கேற்றம், குளியலறை, கிரெடிட் கார்டு: சுயதொழில் செய்பவர்களுக்குக் கார்டில் பணம் கொடுத்து சைன்-அப் போனஸ் வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். சென்ற ஆண்டு மகளுக்கு அரங்கேற்றம் நடந்தது. அதே ஆண்டில் மாடிக் குளியலறையை இடித்துக் கட்டினோம். என் மனைவி சிறிய இணையதள வடிவமைப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறார். அதில் ஐந்தாறு ஃப்ரீலான்ஸர்கள் வேலை செய்கிறார்கள். ஆக ஒரே ஆண்டில் மேக்கப் கலைஞர், போட்டோகிராஃபர், மேடை அலங்காரம் செய்தவர், டைல்ஸ் போட்டவர், ப்ளம்பர், டிசைனர்கள் என்று பலருக்குப் பணம் கொடுத்தோம். அதில் ஒரு பகுதியைப் புதுக் கார்டுகளில் போட்டு போனஸ் வாங்கினோம். சில இடங்களில் தவறும் செய்தோம். அதற்குப் பிறகு நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் எங்கள் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே அமெரிக்க நடைமுறை.

சைன்-அப் போனஸுக்கும் காண்ட்ராக்டர் பணத்துக்கும் என்ன தொடர்பு?

புதுக் கார்டு வாங்கினால் முதல் மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய், இவ்வளவு போனஸ் தருகிறேன் என்று வங்கி சொல்லும். சேஸ் வங்கியின் சஃபையர் பிரிஃபர்ட் கார்டுக்குப் பல ஆண்டுகளாகப் பார்த்த சலுகை 4,000 டாலர் செலவுக்கு 60,000 பாயிண்ட். பணமாக எடுத்தால் 600 டாலர். ஆண்டுக் கட்டணம் 95 டாலர். தொழில் நடத்துவோருக்கான சேஸ் இங்க் பிசினஸ் கேஷ் கார்டில் 6,000 டாலர் செலவுக்கு 750 டாலர் தந்திருக்கிறார்கள். அதற்கு ஆண்டுக் கட்டணமே கிடையாது. இந்தத் தொகைகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் நாளில் வங்கியின் இணையப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

மளிகை, பெட்ரோல், போன் பில் எல்லாம் சேர்த்தாலும் பல குடும்பங்களுக்கு மூன்று மாதத்தில் 4,000 தேறாது. வீட்டுக் கடனையும் வாடகையையும் பெரும்பாலும் கார்டில் கட்ட முடியாது. அதனால்தான் வீட்டு வேலை, விசேஷம், ஃப்ரீலான்ஸர் பில் என்று மொத்தமாகப் பணம் போகும் இடங்கள் கண்ணில் படுகின்றன. எப்படியும் கொடுக்க வேண்டிய பணம். அதற்கு ஒரு போனஸ் வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான், ஆனால் இடையில் ஒரு கட்டணம் நிற்கிறது. இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அந்தக் கட்டணத்தைப் பற்றித்தான்.

கார்டில் பணம் வாங்காத ஆளுக்கு எப்படிக் கார்டில் கொடுப்பது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவரே ஸ்கொயர், ஸ்ட்ரைப், பேபால், குவிக்புக்ஸ் போன்ற, கார்டுப் பணத்தை வாங்கித் தரும் சேவை ஒன்றில் கணக்குத் திறந்து வாங்கிக்கொள்வது. இப்போது போனிலேயே கார்டைத் தட்டி வாங்கலாம், தனிக் கருவி கூட வேண்டாம். ஸ்கொயர் தொடங்கிய கதையே இதுதான். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம் மெக்கெல்வி கண்ணாடிக் கலைஞர். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டில் பணம் வாங்க வழியில்லாததால் ஒரு விற்பனை கைவிட்டுப் போக, அதிலிருந்து பிறந்த யோசனையை 2009-இல் ஜாக் டோர்சியுடன் சேர்ந்து நிறுவனமாக்கினார்.

இரண்டாவது வழி மெலியோ, பிளாஸ்டீக் போன்ற இடைச் சேவைகள். உங்கள் கார்டில் பணம் எடுத்துக்கொண்டு அவருக்குச் செக்காகவோ வங்கிக் கணக்குக்கோ அனுப்புவார்கள். அவர் எதிலும் சேர வேண்டியதில்லை. இதை எழுதும்போது கட்டணம் 2.9 சதவீதம். ஆனால் மெலியோ தொழில் நடத்துவோருக்கானது. அரங்கேற்றச் செலவுக்கு அதைப் பயன்படுத்த முடியாது.

இடைச் சேவையில் பணம் நடுவழியில் சில நாள் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பிளாஸ்டீக் 2023 மே மாதம் திவால் பாதுகாப்பு கோரியது, பிறகு வேறு நிறுவனம் அதை வாங்கியது. எங்களுக்கு வேறு மாதிரி அனுபவம். ஒரு சேவை வழியாக அனுப்பிய செக் எங்கள் டிசைனர் கைக்குப் போய்ச் சேர 11 நாள் ஆனது. அந்த மாதம் அவர் வாடகையைத் தாமதமாகக் கட்டினார். எங்கள் போனஸுக்காக அவர் வீட்டு உரிமையாளரிடம் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பிறகு செக் வழியை நாங்கள் தொடுவதே இல்லை, வங்கிக் கணக்குக்கு மட்டும்தான். அதுவும் கெடுவுக்குப் பத்து நாள் முன்பே அனுப்பிவிடுவோம்.

கட்டணம் போக ஏதாவது மிஞ்சுமா?

போனஸ் வரும்வரை மிஞ்சும். வந்த பிறகு மிஞ்சாது.

6,000 டாலர் முழுவதையும் 2.9 சதவீதக் கட்டணத்தில் அனுப்பினால் 174 டாலர் போகும். போனஸ் 750. மிச்சம் 576. ஆனால் முழு 6,000-ஐயும் இப்படி அனுப்புவது வீண். மூன்று மாதத்தில் உங்கள் தொழிலின் வழக்கமான கார்டுச் செலவு 3,500 என்றால், துண்டு விழுவது 2,500 மட்டும். அதற்குக் கட்டணம் 72 டாலர் 50 சென்ட். மற்றதைப் பழையபடி செக்கில் கொடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். இடைச் சேவையின் கட்டணமும் கார்டில்தான் ஏறுகிறது, அதனால் அதுவும் செலவுக் கணக்கில் சேரும். 5,831 டாலர் அனுப்பினால் கட்டணத்தோடு 6,000 ஆகிவிடும்.

போனஸ் வந்த மறுநாளே நிறுத்திவிடுங்கள். சாதாரண கேஷ்பேக் (செலவில் திரும்பி வரும் பங்கு) ஒன்றரை சதவீதம், கட்டணம் 2.9 சதவீதம். ஒவ்வொரு ஆயிரம் டாலருக்கும் 14 டாலர் கையிலிருந்து போகும். "பாயிண்ட் சேருது" என்று பல மாதம் தொடர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த ஏறத்தாழ 3 சதவீதக் கட்டணத்தை யார் கொடுப்பது?

பாயிண்ட் யாருக்கோ அவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரங்கேற்றத்துக்கு மேக்கப் போட வந்த பெண்ணுக்கு 1,500 டாலர் பேசியிருந்தோம். கார்டில் தரலாமா என்று சாதாரணமாகக் கேட்டேன். "தரலாம் அண்ணா, ஆனா எனக்கு நாற்பத்தஞ்சு டாலருக்கு மேல போயிடும், பரவாயில்ல" என்றார். அந்தப் 'பரவாயில்ல' என்னைத் தைத்தது. காலை ஐந்து மணிக்கு வந்து, மகளுக்கு ஜடை தைத்து, கண் எழுதி, இடைவேளையில் உடை மாற்றி, இரவு ஒன்பதுக்குக் கிளம்பியவர். அவர் கூலியிலிருந்து எடுத்து எனக்கு விமானப் பாயிண்டா?

கணக்கும் அப்படித்தான் ஓடுகிறது. கார்டில் பணம் வாங்குபவர் கட்டும் கட்டணத்தில் பெரும்பங்கு, கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. வங்கி அதிலிருந்து ஒரு பகுதியைப் பாயிண்டாக நமக்குத் தருகிறது. பெரிய கடைகள் இதை விலையில் ஏற்றிவிட்டன. தனியாள் முன்பே ஒரு தொகை பேசிவிட்டார், அவரால் ஏற்ற முடியாது. ஆகவே நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். அவருக்கு 1,550 கொடுத்தோம். அப்படியும் எங்களுக்குப் போனஸ் லாபம்தான்.

கட்டணம் எந்த வழியில் குறையும் என்றும் பாருங்கள். ஸ்கொயரில் நேரில் கார்டைத் தட்டினால் 2.6 சதவீதமும் 15 சென்ட்டும். எண்ணைக் கையால் அடித்தால் 3.5 சதவீதமும் 15 சென்ட்டும். 1,800 டாலருக்கு முதல் வழியில் சுமார் 47 டாலர், இரண்டாவதில் சுமார் 63. போனில் கார்டு எண்ணைச் சொல்வதை விட வேலை முடியும் நாளில் நேரில் தட்டிக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

காண்ட்ராக்டரே "கார்டு என்றால் 3 சதவீதம் கூட" என்கிறார். அது சட்டப்படி சரியா?

பெரும்பாலான மாநிலங்களில் சரி. 2013 ஜனவரி முதல் கடைக்காரர்கள் கூடுதல் கட்டணம் வாங்க கார்டு நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. விசாவின் உச்சவரம்பு 3 சதவீதம். கனெக்டிகட், மாசச்சூசெட்ஸ் மாநிலங்களில் தடை இருக்கிறது. நியூஜெர்சியில் அவருக்கு உண்மையில் ஆகும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. டெபிட் கார்டுக்கு எங்குமே கூடுதல் வாங்கக் கூடாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாங்குபவர் நேர்மையானவர். அவரிடம் பேரம் பேச வேண்டாம்.

ஜெல், வென்மோ போன்ற பணம் அனுப்பும் செயலிகளிலோ, பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' வழியிலோ கொடுக்கலாமா?

ஜெல்லில் கிரெடிட் கார்டு சேர்க்கவே முடியாது. வென்மோவில் முடியும், 3 சதவீதம் பிடிப்பார்கள். ஆனால் சில வங்கிகள் அதைக் கேஷ் அட்வான்ஸாக, அதாவது கார்டில் எடுத்த ரொக்கக் கடனாக, எடுத்துக்கொள்ளும். அப்படி ஆனால் போனஸ் கணக்கில் சேராது, தனிக் கட்டணம் விழும், அன்றிலிருந்தே வட்டி ஓடும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் விதிகளிலேயே தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் பணம் போனஸுக்குச் சேராது என்று எழுதியிருக்கிறது. கூலியை நண்பருக்குக் கொடுப்பதாகக் காட்டி பேபாலில் அனுப்புவது அவர்கள் விதிக்கும் விரோதம், உங்களுக்கும் எந்தப் பாதுகாப்பும் இருக்காது. வேண்டாம்.

கட்டணமே இல்லாமல் ஏதாவது வழி உண்டா?

உண்டு. நாங்கள் செய்ததிலேயே நல்ல வழி இதுதான்.

குளியலறைக்கு மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருந்தார்கள். கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொன்னோம். டைல்ஸ், குழாய், கழிப்பறைத் தொட்டி, வேனிட்டி (கைகழுவும் தொட்டி வைத்த அலமாரி), பெயிண்ட் எல்லாவற்றையும் ஹோம் டிப்போவிலும் ஒரு டைல்ஸ் கடையிலும் நாங்களே புதுக் கார்டில் வாங்கினோம். கூலியைச் செக்கில் கொடுத்தோம். கடைக்காரர் விலையில் ஏற்கனவே கார்டுக் கட்டணம் அடங்கியிருக்கிறது, அதனால் நமக்குத் தனிக் கட்டணம் இல்லை. வேலை செய்தவருக்கும் முழுக் கூலி கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சில காண்ட்ராக்டர்கள் பொருளில் கொஞ்சம் லாபம் வைத்துத்தான் கூலியைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். திடீரென்று "பொருளை நாங்கள் வாங்குகிறோம்" என்றால் அவர் கணக்கு கவிழும். வேலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். அளவு தப்பினால் பொறுப்பு நம்முடையது. நாங்கள் டைல்ஸை ஒரு பெட்டி குறைவாக வாங்கி, அடுத்த தொகுதியில் நிறம் லேசாக மாறி, கதவுக்குப் பின்னால் அது இன்னும் தெரிகிறது. எவ்வளவு வாங்க வேண்டும் என்று டைல்ஸ் போடுபவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரங்கேற்றத்திலும் இதே வழிதான். மண்டப வாடகை, உணவு, அழைப்பிதழ் அச்சு, பூ இவற்றைத் தருபவை பெரும்பாலும் கார்டில் பணம் வாங்கும் நிறுவனங்கள். அவற்றிலேயே 4,000 தேறிவிடும். வயலின், மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கும் சம்பாவனையைக் கார்டில் தர நினைக்கவே வேண்டாம்.

உங்களுக்குச் சொந்தத் தொழில் இருந்தால் கட்டணம் குறைந்த இன்னொரு வழியும் உண்டு. காலாண்டு வருமான வரியைக் கார்டில் கட்டலாம். வரித்துறை அங்கீகரித்த சேவைகள் தனிநபர் கார்டுக்கு 1.75 முதல் 1.85 சதவீதம் வரை வாங்குகின்றன. 2.9-ஐ விட மலிவு. பிசினஸ் கார்டுக்கு மட்டும் கட்டணம் அதிகம்.

வேலை சரியில்லை என்றால் கார்டில் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

நேரடியாகக் கார்டில் கொடுத்திருந்தால் வாய்ப்பு உண்டு. 1974-இல் வந்த நியாயமான கடன் பில் சட்டப்படி, தவறான பில் என்றால் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் முறையிடலாம். வேலையின் தரம் பற்றிய சண்டை என்றால், முதலில் காண்ட்ராக்டரிடமே பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். தொகை 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். வேலை நடந்தது உங்கள் மாநிலத்தில் அல்லது வீட்டிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும். இதெல்லாம் தனிநபர் கார்டுக்கு. இடைச் சேவை வழியாகப் போனால் நிலைமை வேறு: கார்டைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கியது அந்தச் சேவையை, அதை அவர்கள் செய்துவிட்டார்கள். டைல்ஸ் கோணலாக இருப்பது அவர்கள் கவலை அல்ல.

1099 படிவம் (ஒருவருக்குக் கொடுத்த பணத்தை வரித்துறைக்குத் தெரிவிப்பது) யார் கொடுக்க வேண்டும்?

சொந்த வீட்டு வேலைக்கும் குடும்ப விசேஷத்துக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. அது தொழில் நடத்துபவரின் கடமை.

தொழிலுக்காக ஃப்ரீலான்ஸரிடம் வேலை வாங்கினால், செக்கிலோ வங்கி வழியாகவோ ஆண்டில் 2,000 டாலர் அல்லது அதற்கு மேல் உங்களிடம் பெற்றவர்களுக்கு 1099-என்இசி கொடுக்க வேண்டும். 2025 வரை கொடுத்த பணத்துக்கு வரம்பு 600 டாலராக இருந்தது, 2025-இல் வந்த சட்டம் அதை 2026-இல் கொடுக்கும் பணத்திலிருந்து 2,000 ஆக்கியது. கார்டில் கொடுத்த பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. அதைத் தெரிவிப்பது கார்டுப் பணத்தைக் கையாளும் நிறுவனத்தின் வேலை, 1099-கே என்ற வேறு படிவம். இரண்டு பக்கமும் தெரிவித்தால் அந்த மனிதர் வாங்காத பணத்துக்கும் வரித்துறைக்குப் பதில் சொல்ல நேரும். பாதி செக், பாதி கார்டு என்று கொடுத்தால் செக் பாதி மட்டும்தான் உங்கள் படிவத்தில் வரும். இடைச் சேவை வழியாக அனுப்பியதைத் தனித் தாளில் குறித்து வைத்து உங்கள் சிபிஏவிடம் (கணக்காளரிடம்) காட்டுங்கள். எந்த வழியாகக் கொடுத்தாலும் வேலை தொடங்கும் முன் டபிள்யூ-9 (அவர் பெயரும் வரி எண்ணும் உள்ள படிவம்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போனஸுக்கு வரி உண்டா?

செலவு செய்து வாங்கும் போனஸை வரித்துறை விலைத் தள்ளுபடியாகத்தான் பார்க்கிறது, வருமானமாக அல்ல. எல்லை எங்கே என்று 2021-இல் வரி நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஒரு தம்பதி கிஃப்ட் கார்டுகளும் மணி ஆர்டர்களும் வாங்கி மூன்று லட்சம் டாலருக்கு மேல் கேஷ்பேக் சேர்த்திருந்தார்கள். கிஃப்ட் கார்டு வாங்கியதில் வந்தது தள்ளுபடி என்றும், மணி ஆர்டரை நேரடியாகக் கார்டில் வாங்கியதில் வந்தது வருமானம் என்றும் தீர்ப்பு. பொருளோ சேவையோ வாங்கினால் தள்ளுபடி, பணத்தையே பணம் கொடுத்து வாங்கினால் அப்படி இல்லை. நிஜமான காண்ட்ராக்டருக்கு நிஜமான வேலைக்குக் கொடுத்தது முதல் வகை. தொழிற்செலவு என்றால் கிடைத்த கேஷ்பேக்கைக் கழித்துத்தான் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

பிசினஸ் கார்டில் அரங்கேற்றச் செலவைப் போடலாமா?

கூடாது. தொழில் செலவுக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டுத்தான் அதை வாங்குகிறீர்கள். நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: எச்-1பி விசாவில் இருப்பவருக்கு, வேலையோடு சேர்த்துத் தனியாகத் தொழில் நடத்த அனுமதி இல்லை. இல்லாத தொழிலின் பெயரில் பிசினஸ் கார்டுக்கு விண்ணப்பித்து, பொய்த் தகவல் ஒன்றை எழுத்தில் விட்டு வைக்காதீர்கள். 750 டாலருக்கு அது தகாது.

மனைவியையே காண்ட்ராக்டராகக் காட்டி, அவர் ஸ்கொயர் கணக்குக்குப் பணம் போட்டால்?

வேண்டவே வேண்டாம். வேலை நடக்காமல் பணத்தைச் சுற்றி எடுப்பதை ஸ்கொயரும் தடை செய்கிறது, கார்டு வங்கிகளும் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் போனஸைத் திரும்ப எடுப்பார்கள், கணக்கையும் மூடுவார்கள். நீங்கள் சுற்றிவிட்ட பணம் மனைவி பெயரில் வருமானமாக 1099-கேயில் வந்தும் நிற்கலாம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் பெண்மணிக்கு இப்படிக் கொடுக்கலாமா?

முதலில், அவர் பெரும்பாலும் காண்ட்ராக்டரே இல்லை. நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து, நீங்கள் சொல்லும் விதத்தில் வேலை செய்பவர் வீட்டுப் பணியாளர். ஆண்டில் ஒரு வரம்புக்கு மேல் கொடுத்தால் (2025-இல் அது 2,800 டாலராக இருந்தது) அவருக்குச் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் கட்ட வேண்டும். வயதான காலத்தில் அவருக்கு அது உதவும். அதைக் கட்டுங்கள், கார்டுப் பேச்சை அப்புறம் பார்க்கலாம்.

சென்னையில் இருக்கும் ஃப்ரீலான்ஸருக்கு?

பேபால் இன்வாய்ஸ் வழியாகவோ அப்வொர்க் போன்ற தளத்திலோ கார்டில் கொடுக்கலாம். ஆனால் நாடு கடக்கும்போது கட்டணமும் நாணய மாற்று இழப்பும் சேர்ந்து அவர் கைக்கு வருவது நன்றாகவே குறையும். அதையும் ஈடு செய்யத் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள். இந்தியாவிலேயே இருந்து வேலை செய்பவருக்கு 1099 இல்லை, டபிள்யூ-8பென் (வெளிநாட்டவர் என்று அவர் உறுதி சொல்லும் படிவம்) வாங்கி வைத்தால் போதும்.

எப்போது விண்ணப்பிப்பது?

முதல் பெரிய பில் வருவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன். பெரும்பாலும் மூன்று மாதக் கெடு கணக்குத் திறந்த நாளிலிருந்து ஓடும், கார்டு தபாலில் வந்த நாளிலிருந்து அல்ல. ஆண்டுக் கட்டணம் செலவில் சேராது. திருப்பிக் கொடுத்த பொருள் கழிந்துவிடும். நாங்கள் ஒரு குழாயைத் திருப்பியதில் 4,000-க்கு 38 டாலர் குறைந்து, நல்லவேளையாகக் கெடுவுக்கு நாலு நாள் இருந்தது. இருநூறு டாலராவது கூடுதலாகச் செலவு செய்து வையுங்கள். கடந்த 24 மாதத்தில் எல்லா வங்கிகளிலும் சேர்த்து ஐந்து கார்டு திறந்திருந்தால் சேஸ் பொதுவாகத் தராது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பொதுவாக ஒரு கார்டுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் போனஸ் தரும்.

மாதக் கடைசியில் முழுத் தொகையைக் கட்ட முடியாவிட்டால்?

அப்படி ஒரு சந்தேகம் இருந்தாலே இதில் இறங்க வேண்டாம். ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் 6,000 டாலருக்கு மாதம் 120 டாலர். ஐந்து மாதத்தில், கட்டணம் போக மிஞ்சிய 576 டாலர் முழுவதும் கரைந்துவிடும். காண்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டிய பணம் வங்கியில் இருக்கும்போது மட்டும்தான் கார்டை எடுக்க வேண்டும்.

காண்ட்ராக்டரிடம் இதை எப்படிக் கேட்பது?

வேலை முடிந்த பிறகு கேட்காதீர்கள். அப்போது அவரால் மறுக்க முடியாது. பேச்சு தொடங்கும்போதே கேளுங்கள். போட்டோகிராஃபர் தம்பிக்கு நான் வாட்ஸப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: "தம்பி, 2,200 பேசினோம். அதில் 1,200 கார்டில் தர முடியுமா? கட்டணம் எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள், அதையும் சேர்த்துத் தருகிறேன். உங்களுக்குச் சிரமம் என்றால் முழுவதும் செக்கிலேயே தருகிறேன், எனக்கு ஒன்றும் இல்லை." பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "கார்டு ஓகே அண்ணா, 36 டாலர் ஆகும்." 1,236 கார்டில், ஆயிரம் செக்கில் கொடுத்தோம். இதையே மேடை அலங்காரம் செய்தவரிடம் கேட்டபோது செக் போதும் என்றார். அவருக்குச் செக்.